கதவைத் தாங்கி ஏழு மாதம்

காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
போர்வெனிருக்குப் படகு இன்றில்லை என்று
கண்ணாடியில் அட்டையை ஒட்டிவிட்டு
டிக்கெட் அறைக்குள் தனியே உட்கார்ந்திருந்தேன்.
வெளியே, புந்தா அரேனாஸின் தெருமுனையில்
கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்தபடி
ஒருவர் பின் ஒருவராய்ப் போனார்கள் ஜனங்கள்,
கொடியில் காயும் சட்டைகளைப் போலப் படபடத்து.

அப்போதுதான் விண்ணப்பித்தேன்.

பெயர்? யாஸ்னா.
வயது? முப்பத்தொன்று என்று எழுதி
அழித்து, நாற்பத்தொன்று.
தொடரை எத்தனை முறை பார்த்தாய்?
இதற்கு மட்டும் பொய்: நான்கு முறை.
நான்கு என்றால் ரசிகை.
பதினொன்று என்றால் ஆளைக் கூப்பிடுவார்கள்.

இரண்டே சீசனில் நிறுத்திவிட்ட தொடர் அது.
உப்புச் சுரங்கத்தின் அடியில் ஒரு நகரம்.
மேலே வர ஒரே ஒரு லிஃப்ட்.
அது பாதியில் நின்றது, திரை இருண்டது,
அவ்வளவுதான், போய்விட்டார்கள்.
அதற்குப் பிறகு நடந்ததை
ஒன்பது பேர் ராத்திரி ராத்திரியாக எழுதுகிறார்கள்,
ஆளுக்கொரு பாத்திரம்,
முறை வரும்போது ஒரு பத்தி.

கேப்டன் வேண்டும் என்றேன்.
கேப்டன் கோன்செப்சியோனில்
ஒரு பல் மருத்துவரிடம் இருக்கிறாளாம்.
கள்ளச் சாவிக்காரன்?
ஹிகோனில், கல்லூரிப் பையன், விடமாட்டான்.
மிச்சம் உர்பானோ, என்றார் நடுவர்.
வாயில்காரன்.
தொடரில் அவனுக்கு மூன்று வசனம், ஒரு இருமல்.

அவனை முன்பு எழுதியவர் போய்விட்டார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை,
நடுவரும் சொல்லவில்லை.
அவருடைய கடைசிப் பத்தி இப்படி நின்றிருந்தது:
உர்பானோ இரும்புக் கதவைத் தோளால் தாங்கினான்.
எல்லோரும் போங்கள், என்றான், நான்

நான்.
புள்ளி இல்லை. கமா கூட இல்லை.
ஏழு மாதமாகக் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான்.
மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போய்
கலகம் செய்து, சிறைப்பட்டு, தப்பி,
அதில் இரண்டு பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.
ஒருவரும் அவனைத் தொடவில்லை.
விதி அப்படி:

பிறர் பாத்திரத்தின் கையை நீ அசைக்காதே.
பிறர் வாயில் உன் சொல்லை வைக்காதே.
சாகடிப்பதானால் உரியவரைக் கேட்டுச் சாகடி.

இரண்டு முறை படித்தேன்.
நான் வளர்ந்த வீட்டில் இப்படி ஒரு தாளை
யாரும் சுவரில் ஒட்டியதில்லை.

கண்ணாடியைத் தட்டினார் ஒருவர்.
படகு?
இல்லை.
எப்போது?
காற்றைத்தான் கேட்கணும்.
உள்ளே வாருங்கள் என்றேன்.
நாய் இருக்கிறது, என்றார்.
நாயும் வரலாம் என்றேன்.
பெஞ்சுக்கடியில் அது சுருண்டது,
உப்பும் ஆட்டு ரோமமும் நாறியது அறை.

மாதிரிக்கு ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள்.
முதலில் வீர மரணம் எழுதினேன்.
அழித்தேன்.
பிறகு ரகசியம் ஒன்று, தொலைந்த மகள் ஒருத்தி.
அதையும்.
எனக்கு இந்த ஆளைத் தெரியும்,
வாசலில் நிற்கும் வேலைதானே எனக்கும்.
தோள் மரத்துப்போயிருக்கும்.
மூக்கு அரிக்கும், சொறியக் கை இருக்காது.
எழுதினேன்:

இருமினான்.
நான் கொஞ்சம் உட்காரலாமா? என்றான்.

அனுப்பிவிட்டு
அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்,
முட்டாள்தனமாக நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரும்புவதற்குள் மொந்தேவிதேயோவிலிருந்து பதில்,
பஸ் ஓட்டும் ஒருவர், அங்கே அவர் சமையல்காரி:
பாதி அறுத்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு
ஒரு முக்காலியோடு ஓடி வந்தாள்.
பிறகு சாவிக்காரன், ஒரே சொல்: அடப்பாவி.
பிறகு கேப்டன்.
அவள் அவன் கையை விலக்கவில்லை,
நகரு என்று சொல்லவில்லை.
பக்கத்தில் வந்து நின்று
தன் தோளைக் கதவுக்குக் கொடுத்தாள்.
பாரம் அசைந்ததா என்பதை
நான்தான் சொல்லவேண்டும் என்று
அங்கேயே நிறுத்திவிட்டார் அந்தப் பல் மருத்துவர்.

போய்விட்டவருக்கு ஒரு வரி அனுப்பினேன்:
உங்கள் ஆள் உட்காரப் போகிறான்.
அது இன்னும் படிக்கப்படவில்லை.

மணி ஆறரை. காற்று குறையவில்லை.
பெஞ்சில் அவர் தூங்க, நாய் என்னைப் பார்க்கிறது.
என் முறை.
முக்காலி ஆடுகிறது என்று எழுதினேன்.
ஒரு கால் குட்டை.