கணுக்கால் பிடிப்பவள்

வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூட ஜிம்மின் சாவி
என்னிடம் இருக்கும்.
இறால் ஆலையில் ஷிஃப்ட் முடித்து
கையுறை கழற்றியும் போகாத கடல் வாடையோடு
நுகாக்காவின் கணுக்கால்களைப் பிடிக்கப் போவேன்.

சிசிமியூட்டில் டிசம்பர்.
மதியத்திலேயே தெருவிளக்கு.
ஊருக்கு வெளியே கட்டிக்கிடக்கும் வண்டிநாய்கள்
எதையோ ஒன்றாக நினைத்துக்கொண்டதுபோல் ஊளையிட்டு
ஒன்றாக நிறுத்தும்.

பயிற்சி எளிது, சொல்வதற்கு.
அவள் பாயில் மண்டியிடுவாள்.
நான் பின்னாலிருந்து குதிகால்களை அழுத்திக்கொள்வேன்.
முழங்காலிலிருந்து தலைவரை ஒரே பலகையாக
முன்னால் சாய வேண்டும்,
எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.
பின்தொடை தாங்கும்வரை தாங்கும்.
பிறகு பொத்தென்று. உள்ளங்கைகள் பாயில் அறையும்.
எந்த எண்ணில் விழுந்தாள் என்று
நான் சொல்ல வேண்டும்.

போன ஆகஸ்ட், அரையிறுதி, இருபத்து மூன்றாம் நிமிடம்.
எங்கள் சாம்பியன்ஷிப் ஒரே வாரம்.
ஊர்கள் படகில் வந்து இறங்கி
ஆடி முடித்துவிட்டு
வருடம் முழுக்க அதையே பேசும்.
இடது விளிம்பில் பந்தைத் துரத்தியவள்
யாரோ கல்லெறிந்ததுபோல் திரும்பிப் பார்த்தாள்.
யாருமில்லை.
பிறகுதான் விழுந்தாள்.

பெஞ்சில் நான் ஏற்கெனவே
ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தேன்,
யாரும் சொல்வதற்கு முன்பே.

மூன்றாம் நாள் அவள் தொடை
மட்டிச் சிப்பியின் நீலம்.
அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் ஒன்றுமில்லை.
நிறம் போனதும் சரியாகிவிட்டது என்று ஊர் நினைத்தது.
கடையில் கேட்டார்கள்: இன்னுமா?

பிய்ந்த இடத்தில் முதலில் வருவது தசை அல்ல,
வடு, என்றாள் மருத்துவமனை டோர்தே.
இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.
இழுத்து இழுத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்,
வலிக்கு ஒரு விரற்கடை முன்னால்வரை.

அந்த விரற்கடை என் கைக்குத் தெரியும்.
அவள் பல்லைக் கடிப்பதற்கு முன்னமே
என் உள்ளங்கைக்குள் ஒரு நார் துடிக்கும்.

நவம்பரில் இரண்டு.
டிசம்பரில் நான்கு.
ஜனவரியில் ஒரு நாள் எட்டு.
ஏழு என்றேன்.

சுவரில் நீல டேப் துண்டுகள்,
விழுவதற்கு முன் நெஞ்சு எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு.
ஒவ்வொன்றும் தரைக்குக் கொஞ்சம் பக்கமாக.
கடைசித் துண்டு தரையில் ஒட்டப்படும் நாளில்
பதினொன்றாம் எண் சட்டை யாருக்கு?
பேசவில்லை.
ஹாலிபட் விலை பேசினோம்,
அவள் அண்ணன் வாங்கிய ஓட்டைப் படகைப் பேசினோம்,
காற்று பேசினோம்.

ஏப்ரல். எட்டு மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம்.
சாய்ந்தாள்.
ஆறு. ஏழு. எட்டு.
எண்ணெய் போட்ட கதவுபோல, சத்தமே இல்லாமல்.
பத்து. பதினொன்று.
மூக்கு பாயைத் தொட்டது. கைகள் அறையவில்லை.

எத்தனை?

பதினொன்றுதான்.
ஜனவரிக் கடனை அதில் சேர்த்து
பன்னிரண்டு என்றேன்.

விடு, என்றாள்.
என் கைகள் உடனே விடவில்லை.

எழுந்து உட்கார்ந்து
பாயைத் தட்டிக் காட்டினாள்.
இப்போ நீ.

ஏழு மாதத்தில் ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் போனதில்லை.
மண்டியிட்டேன். என் குதிகால்கள்மேல் அவள் எடை.
அடிபடாத தொடைகள் என்னுடையவை,
ஒரு நாளும் கிழியாதவை,
யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காதவை.

இரண்டில் விழுந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.
பல்லால் டேப்பைக் கிழித்து
என் நெஞ்சு நின்ற உயரத்தில் ஒட்டினாள்.
அவளுடைய முதல் துண்டுக்கும் மேலே,
எல்லாவற்றுக்கும் மேலே.

வியாழக்கிழமை, என்றாள்,
விளக்கை அணைத்துக்கொண்டே.