விலைச்சீட்டு, வுப்பர்டால்

முந்நூற்று எழுபத்தொன்பதைத்
திங்களன்று கிழித்தேன்.
எதிர்க்கடையைப் பார்த்து
இருநூற்று நாற்பத்தொன்பதையும்,
புதன்.
விரலில் ஒட்டிய பசை
மதியப் பாணிலும் மணத்தது.

வியாழன், தாய்க் கம்பனி
கைகழுவிவிட்டதாம்.
இனிச் செயலி எழுத ஆளில்லை.
தொண்ணூற்றொன்பது யூரோ
என்று ஒட்டியதும்
மழையில், தொங்குரயில் நிலையம் வரை வரிசை.

"செத்ததற்கா இத்தனை சனம்?"
களஞ்சியத்திலிருந்து சுபாங்கன்.
உயிரோடிருக்கையில்
தடவிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

திருமதி கிரேபர் மட்டும் கேட்டார்,
எத்தனை நாள் ஓடும்?
இரண்டு வருட உத்தரவாதம் அச்சிட்ட
ரசீதை நீட்டினேன்.

மிஞ்சியது காட்சிக்கு வைத்த ஒன்று.
சங்கிலியைக் கழற்றுகையில்
திரை விழித்தது:
புதிய பதிப்பைத் தேடவா?

தேடு என்றேன்.
வட்டம் சுற்றுகிறது.
கடை பூட்டும் நேரம்,
இன்னும் சுற்றுகிறது.