மூன்று முறை குற்றஞ்சாட்டலாம்

நீடாமங்கலம் கேட் போட்டால் இருபது நிமிஷம்.
சரக்கு வண்டி என்றால் அது தனிக் கணக்கு.
அந்த இடைவெளியில்தான்
நாங்கள் ஆறு பேரும் துப்பறிவாளர்கள்.

விளையாட்டில் ஒரு மாளிகை, வெளியே உறைபனி.
நூலக அறையில் சீமான் செத்துக் கிடக்கிறார்.
வாசலிலிருந்து கிணறு வரை காலடித் தடம்,
திரும்பி வந்த தடம் இல்லை.
வீட்டில் ஏழு பேர்.
மூன்று முறை குற்றஞ்சாட்டலாம்.
மூன்றும் தவறினால் திரை கறுத்து
மறுபடி முதலிலிருந்து.

"நாலு நாள் தூக்கம் போச்சு" என்றாள் ஜெஸிமா,
கூத்தாநல்லூர் மருந்துக்கடையில் நிற்பவள்.
அந்த விஷம் தேநீரில் கலந்தால்
இரண்டாம் மடக்கு யாரும் குடிக்க மாட்டாராம்,
அவ்வளவு கசப்பாம்.
"எழுதினவன் ஒரு கடையிலயாவது விசாரிச்சிருக்க வேணாமா?"
இருந்தும் மறுபடி விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

மினிலாரி மதியரசனுக்கு
நடுவில் நடுவில் விளம்பரம் வருவதுதான் ஒரே கொலைக்குற்றம்.
துப்புக் கேட்கும் பொத்தானை அமுக்கி அமுக்கியே முடித்துவிட்டான்.
"இதுல என்ன மானக்கேடு? வழி தெரியலன்னா
வண்டிய நிறுத்திக் கேக்கறதில்லயா?"

இன்பசேகர் ஹெல்மெட்டைக் கழற்றினான். கல்லூரி இரண்டாம் ஆண்டு.
துப்பு வாங்கி முடித்தவன் முடித்தவனே இல்லையாம்,
பரீட்சையில் பிட்டு அடித்தவனாம்.
அந்தத் தடத்துக்கு மட்டும் தான் மூணு நாள் உட்கார்ந்தானாம்.

உத்திராபதி அதுவரை பேசவில்லை.
பாசனப் பிரிவில் லஸ்கர்,
மூணாறு தலைப்பில் மதகு தூக்குகிறவர்.
இன்பசேகரின் போனை வாங்கித் தடத்தைப் பெரிதாக்கினார்.
"நுனிவிரல் அழுந்தியிருக்கு, குதிகால் பட்டும் படாம இருக்கு.
பின்பக்கமா நடந்திருக்கான்.
கெணத்துலேர்ந்து வூட்டுக்கு வந்தவன் இவன்."
பனியை அவர் கண்டதில்லை.
ராத்திரியில் வரப்பை வெட்டித் தண்ணீர் திருப்பியவன்
சேற்றில் என்னென்ன வித்தை செய்து போவான் என்று
இருபத்தாறு குறுவை பார்த்தவர்.
"ரொம்ப லேசா வச்சிருக்கான்."
அபிப்பிராயம் அவ்வளவே. பீடி பற்றவைத்தார்.

என்னையும் கேட்டார்கள்.
நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
காயவையுங்கள், காயவையுங்கள் என்று சொல்லி
யாரையும் நம்பாத முகம் வந்துவிட்டதாக என் தம்பி சொல்வான்.
இசை நன்றாயிருக்கிறது என்றேன். எழுத்து பொடி.
மூன்றாம் அறையில் கடிகாரம் ஏன் நின்றிருந்தது என்று
கடைசிவரை சொல்லவேயில்லை.
நாலரை நட்சத்திரம்.

"முதல் தடவ யார் மேல கை வச்சீங்க?"
கேட்டது கமலவேணி.
கிளினிக்கில் பெருக்கித் துடைப்பவள்,
ஜெஸிமாவின் ஸ்கூட்டியில் பின்னால், மடியில் தூக்குச்சட்டி.

வேலைக்காரி, என்றாள் ஜெஸிமா.
வேலைக்காரிதான், என்றான் மதியரசன்.
அது எல்லாருமே அமுக்கறதுதான்,
வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, என்றான் இன்பசேகர்.
நானும் அவளைத்தான்.

"நான் அவள அமுக்கவே இல்ல.
மத்த ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா அமுக்கினேன்.
ஒரு தடவ மொத்தமா தோத்தேன். பரவால்ல."
சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியின் மூடியை
இறுக்கித் திருகினாள்.

போன தையில் எங்கள் நிலையத்தில்
பதினாலு மூட்டை குறைந்தது.
சுமை தூக்கும் அய்யாக்கண்ணுவைத்தான் முதலில் கேட்டோம்.
கேட்டோம் என்பது
பட்டியல் எழுதுகிறவளின் சொல்.
மாசியில் எடை இயந்திரத்தைச் சோதித்தார்கள்.
பிசகு அதில்.
அதற்குள் அவர் திருப்பூர் போய்விட்டார்.
புகார்த் தாளில் மூன்றாவது கையெழுத்து, நீல மையில், என்னுடையது.

இதை நான் கேட்டில் சொல்லவில்லை.

எஞ்சின் கழன்று, ஊர்ந்து,
மறுமுனையில் மாட்டிக்கொண்டு
மன்னார்குடிப் பக்கம் நகர்ந்தது.
கேட் எழும்ப எல்லோரும் ஒரே சமயம் ஆரன்.
"ரெண்டாம் பாகம் வருதாம், இந்தத் தடவ கப்பலாம்!"
ஜன்னல் வழியே மதியரசன் கத்திக்கொண்டே போனான்.
உத்திராபதி பீடியைத் தண்டவாளத்தில் தேய்த்து அணைத்தார்.

நான் இன்னும் சாவியைத் திருப்பவில்லை.
திரையில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள்.
இடது ஓரத்தில், மேலங்கியில் ஈரக் கையைத் துடைத்தபடி
அவள்.

பின்னால் ஒரு டிராக்டர்
வழி கேட்டு அலறிக்கொண்டே இருந்தது.