பார்ப்போம்

பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததால்
வெளியே தெரியவந்தது இந்தக் கட்டி.
தபால் நிலையத்து முன்படி, நவம்பர் முடிவு,
கையில் அக்காளுக்கு அனுப்பவேண்டிய கம்பளிக் காலுறை.
மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று தேடியவர்கள்
கசிவு இல்லை என்றார்கள்.
அப்புறம் கொஞ்ச நேரம்
யாரும் எதுவும் சொல்லவில்லை.

இடது புருவத்துக்குப் பின்னால்,
பத்தொன்பது மில்லிமீட்டர்.
டாக்டர் ஹௌக்லி திரையை என் பக்கம் திருப்பினார்.
மூளையின் உறையோடு ஒட்டி, வெள்ளையாக,
யாரோ சட்டைப் பொத்தானைத் தவறவிட்டு
உள்ளே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி.
"தீங்கற்றது" என்றார்,
"கடிக்காதுங்க" என்று சொல்லியபடியே
சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்ளும்
நாய்க்காரனின் குரலில்.

பதினைந்து வருடமாக இருந்திருக்கலாம்,
கூடவும் இருக்கலாம்.
அப்படியானால் ஆஸ்முண்ட் முதல் வார்த்தை பேசிய கோடையில்
இது உள்ளே இருந்தது.
பனிவாரி வண்டித் தேர்வில் நான் இரண்டாம் முறை தோற்றபோது இருந்தது.
ஐவிண்டோடு சண்டைபோட்டு
வீட்டுச் சாவியைத் துறைமுகத்தில் எறிந்தேனே, அன்றும்.
எறிந்தது நானா, இதுவா?
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அறுவை இப்போது வேண்டாமாம்.
ஆறு மாதம் கழித்து இன்னொரு படம்.
"பார்ப்போம்."
கடன் கேட்டு வந்தவனிடம் சொல்கிற அதே பார்ப்போம்.
அதுவரை கனரக வாகனம் ஓட்டக்கூடாது.
வீடு வந்து சேரும்வரை
எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது
இது ஒன்றுதான்.

வார்டோ சின்னத் தீவு.
மீன் ஆலையில் மதிய இடைவேளைக்கு முன்பே
எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.
"புற்று இல்லையே!"
"தப்பித்தாய் போ!"
லாட்டரி விழுந்தவளுக்குப் போல
ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
கேக் வந்தது, கிரீமில் என் பெயர், ஓர் எழுத்துக் குறைந்து.
சிரித்தேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.
இரவு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்,
திருடியதைத் தின்பவள் மாதிரி.
நுரையீரலில் வந்து ஒன்பதே வாரத்தில்
டோர்டிஸின் கணவன் போன தெருவில்
இந்தப் பத்தொன்பது மில்லிமீட்டரை
எங்கே இறக்கி வைப்பது?

டிசம்பரில் கண் மருத்துவரிடம் என்னை
அழைத்துப்போனது அந்த டோர்டிஸ்தான்.
கடலுக்கடியில் சுரங்கப்பாதை.
பதினொரு குளிர்காலம் நான் ஓட்டிய மூன்று கிலோமீட்டர்.
ஸ்கேன் குழாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு
இதைத்தான் ஓட்டினேன்:
இறக்கம், அடிமட்டம், ஏற்றம்.
வெளியே வந்தாலும் இருட்டுத்தான்,
சூரியன் ஜனவரியில்தான் வரும்.
பக்கத்து இருக்கையிலிருந்து முதல்முறையாக
அதன் கூரையைப் பார்த்தேன். ஒழுகுகிறது.

அடிமட்டத்தில், தலைக்கு மேல் முழுக் கடலும் இருக்க,
டோர்டிஸ் கேட்டாள்: "எந்தப் பக்கம்?"
யாரும் கேட்டிருக்கவில்லை இதை.
தொட்டுக் காட்டினேன்.
கியரிலிருந்து கையை எடுத்து
அந்த இடத்தில் விரலை வைத்தாள். சில்லென்றிருந்தது.
வைத்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினாள்.
ஏற்றத்தில் மூன்றிலேயே வண்டியைத் திணறடித்தாள்.
"இரண்டுக்கு மாற்று" என்றேன்.
"வாயை மூடு, நோயாளி."
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறேன் போல.
கண் மருத்துவமனை வாசல்வரை
இரண்டு பேரும் சிரித்தோம், அசிங்கமாக, மூக்கொழுக.

இன்று அதிகாலை மூன்று மணிக்கு என் வண்டி போகிறது.
சத்தத்திலேயே தெரிகிறது:
புதுப் பையன் கத்தியை உயரத் தூக்கி ஓட்டுகிறான்,
தபால் நிலையத் திருப்பத்தில் தயங்குகிறான்,
என் வாசலில் முழங்கால் உயரம் குவித்துவிட்டுப் போகிறான்.
எழுந்து கோட்டை மாட்டுகிறேன்.
பனி வாரலாமா என்று
டாக்டரிடம் கேட்கவில்லை.
மேலே மாவுப்பனி, லேசாக வருகிறது.
அடியில் கட்டி.
மண்வெட்டி அதில் இடித்து நிற்கிறது.
அதைச் சுற்றி வாரிக்கொண்டு போகிறேன்.