இருபத்தேழாம் பல்

வட்டகொட கிளினிக்கிலிருந்து வந்த போத்தலில்
நாற்பத்தொரு கடைவாய்ப் பற்கள்.
பேராதனையில், மழை நிற்காத மார்கழியில்,
ஒவ்வொன்றின் கூரையையும் திறந்து மை ஏற்றினேன்.
பிறகு அமிலத்தில் மூன்று நாள்.
சுண்ணாம்பு போய்ப் பல் ரப்பராகும்,
குண்டூசி தடையில்லாமல் இறங்கும்.
பிறகு மதுசாரம்.
'குடிக்கிற ஜாதி இல்ல, மிஸ்'
என்று விஜேசூரிய ஒவ்வொரு முறையும் சொல்வார்.

கடைசியாக அந்த எண்ணெய்.
மூடியைத் திறந்தால் மூட்டுவலித் தைல வாசம்,
பின்னேர பஸ்ஸில் பாதிப்பேரின் முழங்காலில் இருப்பது.
அதில் கிடந்து கிடந்து பற்கள் கண்ணாடியாகின.
வெள்ளை போய்விட்டது.
மை போன வழிகள் மட்டும்
எதையும் பற்றாமல் நின்றன.

மூன்று வேருக்கு மூன்று கால்வாய் என்று
பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தோம்.
பற்கள் பரீட்சை எழுதியதில்லை.
ஒன்றில், றோட்டை விட்டிறங்கிய குறுக்குப்பாதைபோல்
பிரிந்த கால்வாய் நுனியில் வந்து சேர்ந்தது.
ஒன்று சேரவே இல்லை.
ஒன்றில் எல்லாம் கலந்து ஒரே பிறை.

இருபத்தேழு, மேல் தாடை, ஏற்கெனவே நிரப்பிய பல்.
நிரப்பியதை ஆய்வில் சேர்க்கக்கூடாது. தெரியும்.
மூன்று கால்வாய்களிலும் இளஞ்சிவப்பு நிரப்பு,
நுனிவரை, சுத்தமான வேலை.
முன்வேரில், அந்த இளஞ்சிவப்பின் நிழலில்
மயிரிழையாய்
கறுப்பாய்
நாலாவது.

கூட வந்த துண்டில்
விதிப்படி பேரை வெட்டி எடுத்திருந்தார்கள்.
மிச்சம் இருந்தது நுவரெலியா போன நாலு திகதி.
அந்த நாலு நாளும் செக்ரோலிலும் பேர் விழுந்திருக்காது.
கீழே யாரோ ஒரு டொக்டரின் சாய்ந்த எழுத்து:
'மூன்றும் நிரப்பப்பட்டன.
இன்னும் வலிக்கிறது என்கிறார்.
பிடுங்கப்பட்டது.'

என்கிறார்.

அட்டவணையில் நாற்பது வரிகள் எழுதினேன்.
இருபத்தேழை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அது எந்த வரியிலும் வராது.
விஜேசூரிய சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள்
என் கையை மோந்தாற்போல் திரும்பி,
'முழங்காலா?' என்றாள்.
'பல்லு' என்றேன், ஏனென்று தெரியாமல்.
'ஐயோ, அது தூங்கவிடாதே' என்று
மடியிலிருந்த பையை நகர்த்தி
ஜன்னலை எனக்காக மூடினாள்.
எந்தப் பல் என்றுகூடக் கேட்கவில்லை.