எண்ணெய்க் கணக்கு

கோட்டைப் பண்டகசாலையில் என் வேலை
எண்ணெய் அளப்பது.
யாருக்கு எவ்வளவு என்று
உடைந்த பானையோட்டில் மையால் எழுதிவைப்பது.
காவலருக்கு இவ்வளவு, கழுதைக்காரருக்கு இவ்வளவு,
கர்த்தரின் பெயரால் பேசுகிறவர்களுக்கு
அமாவாசைதோறும் ஆளுக்கு ஓர் உழக்கு.

பதினேழு பேர் வந்து நிற்பார்கள்.
முதலில் எப்போதும் பெத்தாகியா.
நல்ல மனிதர். இதைச் சொல்லாமல்
மற்றதைச் சொல்வது நியாயமில்லை.
என் மகனுக்கு ஜுரம் கண்டபோது
மூன்று இரவு எங்கள் வீட்டில் விழித்திருந்தார்,
ஈரத்துணி மாற்றி மாற்றி.
"வாற்கோதுமை முற்றுமுன்
பாபிலோனியன் கூடாரத்தைச் சுருட்டிவிடுவான்"
என்று வாயிலில் நின்று அவர் சொன்னபோது
கண்ணில் நீர் நின்றது.
நடிப்பல்ல. முகம் அளக்கவும் எனக்குத் தெரியும்.

செபுவேல் மாவோன் பக்கத்தான்,
ஆட்டு மயிர் கத்தரிப்பவன்.
வரிசையில் கடைசி. அளவு குறைகிறதென்று
ஒவ்வொரு முறையும் சண்டை.
ஒரு வருஷம் மழை பொய்க்கும் என்றான்;
அந்த வாரமே ஓடையில் கழுத்தளவு வெள்ளம்,
அவன் ஆடே இரண்டு அடித்துக்கொண்டு போனது.
ஊர் முழுக்கச் சிரித்தோம்.
அப்படிப்பட்டவன் ஒருநாள் வந்து
"நம் மதிலில் நரி குட்டி போடும்,
கதவைத் திறந்து உயிரோடு போங்கள்" என்றான்.
சொல்லிவிட்டு
அங்கேயே வாந்தியெடுத்தான்.
கம்பளி நாறுகிறவன் சொல் எந்தச் சபையில் ஏறும்?

முன்னோர் வைத்த சோதனை ஒன்று உண்டு:
சொன்னது நடந்தால் மெய்,
நடக்காவிட்டால் பொய்.
சரியான தராசுதான்.
எடைக்கல் மட்டும்
அடுத்த வருஷத்தில் கிடக்கிறது.

படைத்தலைவன் ஓர் இரவு இறங்கி வந்தான்.
விதைத் தானியம் எத்தனை கலம் என்றான். சொன்னேன்.
திறக்கலாமா என்றான்.
எண்ணெய் அளப்பவனை ஏன் கேட்கிறான்?
மற்ற எல்லோரையும் கேட்டுக்
களைத்துப்போயிருந்தான், அவ்வளவுதான்.
எனக்கு அந்த ஈரத்துணி நினைவுக்கு வந்தது.
"பெத்தாகியா சொன்னால் சரியாக இருக்கும்" என்றேன்.

ஒன்பது நாள் வயிறாரச் சாப்பிட்டோம்.

செபுவேலைக் கழுதைக் கொட்டிலில் அடைத்திருந்தார்கள்,
போர்வீரர் கையைத் தளரவிடுகிறான் என்று.
மதில் பிளந்த இரவு
அவன் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.
எனக்கு வந்தது.
சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது.
மகனைத் தோளில் போட்டுக்கொண்டு
எதிர்ப்பக்கம் ஓடினேன்.

இப்போது நிப்பூருக்கு வெளியே ஒரு வாய்க்காலில்
சேறு அள்ளுகிறோம்.
பெத்தாகியா எனக்கு அடுத்த கூடை.
பல் நான்கு போய்விட்டது.
"அடுத்த பேரீச்சம்பழத்துக்குள் ஊர் திரும்பிவிடுவோம்" என்கிறார்,
பேரீச்சை பழுக்கும்போதெல்லாம்.
அந்தியில் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காருகிறார்கள்,
என் மகனும்.
ரொட்டியில் பாதியை நான் அவருக்குக் கொடுக்கிறேன்.
கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
பசிதான் வருகிறது.

செபுவேலைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.
அவன் சொன்னது எல்லோர் முதுகிலும்
தழும்பாக இருக்கும்போது
பெயர் எதற்கு?

துணியில் முடிந்து நான் கொண்டுவந்தது
ஒரே ஒரு பானையோடு.
கடைசி அமாவாசையின் கணக்கு.
வேர்வையில் மை கரைந்தும்
இரண்டு வரி தெரிகிறது.

பெத்தாகியா, ஓர் உழக்கு.
செபுவேல், ஓர் உழக்கு.

அவருக்கு நான் அன்று ஊற்றியது
முக்கால்கூட இருக்காது.