திருகாணி

திருமலை வீதி. இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கீழே கம்பி அறுக்கிற சத்தம்;
மேலே நாங்கள் பதினொரு பேர்
மௌனம் பயின்றோம்.

வாசலில் நிற்பது என் பதவி.
'வெளிக்காவலர்' என்று ஏட்டில் இருக்கும்.
முப்பது வருசம் பெரியாஸ்பத்திரியின் இரவுக் கடமையில்
ஆரை விடலாம், ஆரை விடக்கூடாது என்று படித்தவளுக்கு
ஒரு சொல் கேட்டுக் கதவு திறப்பது
பெரிய வேலையில்லை.

பல்தசார் மாஸ்ரர் மாசியில் போனார்.
தனக்குப் பிறகு யாரென்று
சொல்லாமல் போனதுதான்
அவர் காத்த கடைசி இரகசியம்.

'கடைசிக் கிழமை கைபிடித்து
என்னிடம்தான் தந்தார்' என்றார்
நொத்தாரிசு கதிராமத்தம்பி.
'தந்ததற்கு உறுதி எங்கே?' என்றார்
நில அளவை பூபாலபிள்ளை.
நொத்தாரிசிடம் உறுதி கேட்ட அந்தப் பகிடிக்கு
ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைமையகத்துக்கு எழுதினோம்.
கடல் கடந்து அதுவும் இரண்டாய்ப் போயிருந்தது
எங்களுக்குத் தெரியாது.
இரண்டு உறை வந்தது.
ஒரே ரோஜா, ஒரே சிலுவை,
'சகோதர அன்புடன்' என்று ஒரே முடிவு.
நியமித்த பெயர் மட்டும் வேறு.
அங்கேயும் ஒரு கிழவர்
சொல்லாமல் போயிருக்க வேணும்.

ஆறும் ஐந்துமாய்ப் பிரிந்த இரவு கரண்ட் இல்லை.
ஆரையம்பதி ஆசாரி செய்த ரோஜாச் சிலுவையை
மேசையில் மல்லாத்தி
பூபாலபிள்ளை டோர்ச் பிடிக்க
கதிராமத்தம்பி திருகினார்.
அந்த வருசம் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம்.
ரோஜா ஒருவர் பைக்குள்.
சிலுவை ஒருவர் கக்கத்தில்.
திருகாணி உருண்டு
என் காலடிக்கு வந்தது.

விடிய, முகைதீன் பாவா மூச்சு வாங்கப் படியேறினார்:
"எல்லாஞ் சரி, வாடகை ஆரு தாறது கா?"

செவ்வாய் சிலுவைக்கு, வியாழன் ரோஜாவுக்கு.
வாடகை பாதி பாதி.
அதே மேசை, அதே சாம்பிராணிப் பேணி,
வாசலில் அதே நான்.
கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம் என்று
இரண்டு பக்கமும் இரகசியமாய்ச் சொன்னது.
'அங்க என்ன சொல்லு?' என்று
இரண்டு பேரும் தனித்தனியே கேட்டும் பார்த்தார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
பல்தசார் தந்த பழைய சொல்லையே
இருவரும்
என் காதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள்.

கல்லடிப் பாலம் தாண்டும்போது
சில்லறையோடு சில்லறையாய்
அந்தத் திருகாணியும் சிலவேளை கைமாறும்.
"இது காசில்லை அம்மா" என்பான் கொண்டக்டர்.
தெரியும் மனே, என்று
திருப்பி வாங்கிக்கொள்வேன்.